ஒரே மேசையில் அமர்தல்: கொச்சங்காடியிலிருந்து சட்ட மாணவர் சகோதரத்துவத்தை நோக்கி

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள கொச்சங்காடியின் பெயரைத் தமிழர் எவரும் அகராதியின் துணையின்றிப் பிரித்துவிடலாம். மலையாளத்தில் ‘கொச்சு’ என்பது சிறியது. ‘அங்காடி’ நம் பழைய இலக்கியத்தின் நாளங்காடி, அல்லங்காடி என்பவற்றில் வரும் அதே சொல். கொச்சி அங்காடி என்பதே இவ்வாறு சுருங்கிற்று என்று கொண்டாலும் பெயரின் பிற்பாதி மாறுவதில்லை. அங்குள்ள பழமையான பள்ளிவாசலுக்குச் செம்பிட்ட பள்ளி என்று பெயர். செம்புத் தகடு வேய்ந்த பள்ளி என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ‘பள்ளி’ என்ற சொல் மட்டும் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். தமிழில் அது இன்று கல்விக்கூடம். பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடம். மலையாளத்தில் மசூதியும் பள்ளி, மாதாகோவிலும் பள்ளி, யூதரின் தொழுகைக் கூடமும் பள்ளி.

கொச்சங்காடியில் ஒரு யூதப் பள்ளியும் இருந்தது. கட்டடம் இப்போது இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் எஞ்சி, மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியின் வளாகச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. எபிரேய ஆண்டுக் கணக்கில் அது குறிக்கும் காலம் பொ.ஆ. 1344–45. பரதேசிப் பள்ளி கட்டப்பட்டது 1568-இல். பின்னால் வந்த பள்ளியின் சுவரில் முன்னால் இருந்த பள்ளியின் கல் விருந்தாளியைப்போல் நிற்கிறது. உண்மையில் விருந்தாளி யார் என்பது வேறு கேள்வி.

இந்தப் பதிவின் பொருள் யூத வரலாறு அன்று. சட்டம் பயிலும் மாணவர்கள் தம்மை ஒரு சகோதரக் கூட்டமாகக் கருதிக்கொள்ளும் வழக்கம், அதன் விழுமியங்கள், அது செய்வதாகச் சொல்லும் தொண்டு ஆகியவையே பொருள். இவற்றைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மட்டாஞ்சேரியின் ஒரு மனிதர் நினைவில் குறுக்கிடுவதால் இங்கிருந்து தொடங்குகிறேன். அவர் ஆபிரகாம் பராக் சேலம். ஊர் வழக்கில் ஏ. பி. சேலம். நம் சேலத்துக்கும் அவர் பெயருக்கும் தொடர்பில்லை.

சேலம் 1882-இல் பிறந்தார். அவர் பிறந்த பிரிவினரை ‘மெஷுக்ராரிம்’ என்றனர். எபிரேயத்தில் ‘விடுவிக்கப்பட்டோர்’ என்பது பொருள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இப்பெயரால் சுட்டப்பட்டனர். விடுதலையைக் குறிக்கும் சொல்லே தலைமுறை தலைமுறையாகத் தாழ்வின் முத்திரையாக இருந்தது என்பதைச் சொற்பொருள் மாற்றம் கற்பிக்கும் வகுப்புகளில் எடுத்துக்காட்டலாம். அதன் மறுபக்கம் ‘பரதேசி’. பிற தேசத்தான் என்னும் நேர்ப்பொருளிலிருந்து தமிழில் அது இரந்துண்பவனைக் குறித்து, பின் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. மட்டாஞ்சேரியிலோ அது உச்சத்தில் அமர்ந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் ஐபீரியாவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் வந்து சேர்ந்தோர் பரதேசிகள். பிற்காலத்தார் அவர்களை வெள்ளை யூதர் என்றனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலபாரில் வேரூன்றியிருந்தோரைக் கருப்பு யூதர் என்றனர். மெஷுக்ராரிம் பரதேசிப் பள்ளியையே சார்ந்திருந்தனர். ஆனால் உள்ளே இருக்கையில் அமரும் உரிமை அவர்களுக்கில்லை. வெளி அறையின் தரையிலோ படியிலோ அமர வேண்டும். தோரா வாசிப்புக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை. இடுகாடும் வேறு.

இதற்குச் சமயச் சட்டத்தில் இடமிருந்ததா? 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இவ்வழக்கு எகிப்தில் வாழ்ந்த ரப்பி தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வியாகச் சென்றது. உரிய சமயச் சடங்கு முடிந்தபின் விடுவிக்கப்பட்டோரும் முழு யூதரே, மணவுறவுக்கும் தடையில்லை என்ற போக்கில்தான் அவர் விடை அமைந்தது. தீர்ப்பு கையில் இருந்தும் நானூறு ஆண்டுகள் நிலைமை மாறவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் நடப்பில் இருப்பதற்கும் இடையிலான தொலைவு, சேலம் சட்டம் படிக்கத் தொடங்குமுன்னரே அவர் வீட்டு வாசலில் கிடந்த பாடம்.

எர்ணாகுளத்தில் மகாராஜாக் கல்லூரியில் பயின்ற அவர் பின்னர் சென்னைக்குச் சென்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அவர் பிரிவில் முதல் பட்டதாரி அவரே. எழுத்தர் வேலையும் பார்த்துக்கொண்டு சென்னையிலேயே சட்டப் பட்டமும் பெற்றார். அன்றைய சென்னையின் சட்ட உலகம் எத்தகையது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1891-இல் சட்டக் கல்லூரி தனி நிறுவனமாயிற்று. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் கோபுரக் கட்டடம் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை விவாதித்த வட்டத்திலிருந்து ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்ததும் 1891-இல்தான். பாரிஸ்டர்களுக்கு ஒரு தட்டு, வக்கீல்களுக்கு ஒரு தட்டு என்று பிரிந்திருந்த நீதிமன்றத்தில், இரண்டாம் தட்டில் இருந்தோர் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அறிவுக் களத்தை அமைத்துக்கொண்டனர். போற்றத்தக்க செயல்தான். அந்த வட்டத்துக்குள் எந்தச் சாதியினர் அமர முடிந்தது என்பதை மயிலாப்பூரை அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

சட்ட மாணவர் கூட்டுறவின் மூல வடிவம் இலண்டனில் இருந்தது. அங்குள்ள நான்கு ‘இன்’களில் ஒன்றில் சேர்ந்தாலன்றிப் பாரிஸ்டர் ஆக முடியாது. தேர்வைக் காட்டிலும் வியப்பூட்டும் அன்றைய நிபந்தனை, ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துண்ண வேண்டும் என்பதாக இருந்தது. பன்னிரண்டு பருவங்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தி இதைத் தன் வரலாற்றில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். நால்வர் அமரும் மேசைக்கு இரண்டு புட்டி மது உண்டு. அவர் குடிப்பதில்லையாதலால் அவரைத் தம் மேசைக்கு அழைக்கப் போட்டி இருந்தது. இந்த விருந்துகள் தம்மை எப்படி வழக்கறிஞராக ஆயத்தப்படுத்தும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அவ்வழக்கத்தின் உட்கருத்து அற்பமானதன்று. ஒருவரோடொருவர் உண்டு பழகியோர் நாளை நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றாலும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். தொழில் ஒழுக்கம் நூலிலிருந்து வருவதில்லை, மேசையிலிருந்து வருகிறது என்னும் நம்பிக்கை அது.

காந்தி 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டராக ஏற்கப்பட்டார். இராசத் துரோக வழக்கில் தண்டனை பெற்றபின் 1922-இல் அதே இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1988-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவரை மேசைக்கு அழைப்பதில் ஓர் ஆறுதல் உண்டு. மேசைக்கு இழப்பேதும் இல்லை.

அமெரிக்கா இதே கருத்தை மாணவர் அமைப்பாக மாற்றியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1869-இல் தொடங்கிய ‘பை டெல்டா பை’ என்ற சட்ட மாணவர் சகோதரக் கழகம் தன் கிளைகளை இன்றும் ‘இன்’ என்றே அழைக்கிறது. கிரேக்க எழுத்துப் பெயர், உறுதிமொழி, மூத்தோர் இளையோர்க்கு வழிகாட்டல், சமூகத் தொண்டு என்று அதன் இலக்கணம் விரைவில் நிலைபெற்றது. பின்னர் எழுந்த கழகங்களும் அதையே பின்பற்றின. ‘சகோதரர்’ என்ற சொல் அங்கே நெடுங்காலம் சொல்லுக்குச் சொல் பொருள்பட்டது: பெண்களுக்கு இடமில்லை. சிகாகோவில் 1908-இல் சட்டம் பயின்ற பெண்கள் ‘கப்பா பீட்டா பை’ என்ற தனிக் கழகத்தைத் தொடங்கினர். 1911-இல் தெற்குக் கலிபோர்னியாவில் தோன்றிய ‘பை டெல்டா டெல்டா’ என்ற பெண்கள் கழகம் ‘பை ஆல்பா டெல்டா’ என்ற ஆண்கள் கழகத்தோடு இணைந்தது 1972-இல்தான். தொண்டு செய்வதில் இக்கழகங்கள் எதுவும் குறை வைத்ததாகத் தெரியவில்லை. வெளியே உள்ள ஏழைக்கு உதவுவது எளிதாக இருந்தது. உடன் படிக்கும் பெண்ணை உள்ளே அமர வைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

‘பார்’ என்று நாமும் கூசாமல் எழுதும் சொல்லின் நேர்ப்பொருள் ஒரு மரச்சட்டம், தடுப்பு. அதற்கு அப்பால் யார், இப்பால் யார் என்பதைக் காட்டுவதற்காகவே அது நடப்பட்டது. கார்னிலியா சொராப்ஜி ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதியது 1892-இல். சட்டம் மாறி, அந்தத் தடுப்பைத் தாண்ட முடிந்தது 1923-இல். கேரளத்தில் அன்னா சாண்டி திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1926-இல். திருவிதாங்கூரில் அவரே முதல் பெண் சட்டப் பட்டதாரி. 1937-இல் முன்சீப்; 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அவர் பயின்ற அக்கல்லூரி 1949-இல் எர்ணாகுளத்துக்கு இடம்பெயர்ந்தது. அது இப்போது இருக்கும் வளாகத்திலேதான் பழைய கொச்சி அரசின் சட்டமன்றம் கூடிய மண்டபமும் இருக்கிறது. எர்ணாகுளம் சட்ட மாணவர்கள் அன்றாடம் கடந்துபோகும் அந்த இடம், இக்கட்டுரையின் நாயகருக்கு நேராக நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

ஏனெனில் சேலம் கொச்சிச் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையும் 1939 முதல் 1945 வரையும் உறுப்பினர். தொழுகைக் கூடத்தில் இருக்கை மறுக்கப்பட்டவருக்கு அரசின் அவையில் இருக்கை இருந்தது. எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்; தொழிற்சங்கங்களுக்காக உழைத்தார்; 1929-இல் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரசுக்குச் சென்றார். வைக்கம் சத்தியாக்கிரகம் நிகழ்ந்து அதிக காலம் ஆகவில்லை. வைக்கமும் தொலைவில் இல்லை. கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்கு வழக்காடிய அதே கருவியைச் சேலம் தம் தொழுகைக் கூடத்துக்குள் எடுத்துச் சென்றார். சில காலம் பரதேசிப் பள்ளியைப் புறக்கணித்தார். அதற்குள்ளேயே சத்தியாக்கிரகமும் செய்தார். ‘யூதக் காந்தி’ என்ற பெயர் இவ்வாறு வந்தது. மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1937-இல் கொச்சிக்கு வந்தபோது பழைய தடைகள் பலவும் தளர்ந்திருந்ததைக் கண்டார். எல்லாத் தடைகளும் அல்ல. சேலத்தின் மகன்களுள் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணக்க முற்பட்டபோது அத்திருமணம் கொச்சியில் நடக்க இயலாமல் பம்பாயில் நடந்தது. ஆண்டு 1950.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். இந்திய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. முகப்புரையில் சமத்துவத்தை அடுத்து வரும் ‘சகோதரத்துவம்’ என்ற சொல், நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவே அதைச் சேர்த்தது. அவரும் இலண்டனில் கிரேஸ் இன்னில் விருந்துண்டவர். தாம் பிறந்த நாட்டில் யாரோடும் சேர்ந்து உண்ண முடியாதிருந்த ஒருவர் இன்னொரு நாட்டின் மேசையில் அமர்ந்து பாரிஸ்டராகித் திரும்பி இச்சொல்லை எழுதினார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மொழியியல் நோக்கில் இலத்தீன் ‘பிராட்டர்’, சமற்கிருத ‘பிராதா’ இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ‘சகோதரன்’ அப்படியன்று, ஒரே வயிற்றில் உடன் பிறந்தவன் என்பதே அதன் பொருள். நம் ‘உடன்பிறப்பு’ம் அதே எண்ணம். பிறப்பைக் காட்டும் சொல்லால் பிறப்பைக் கடந்த உறவைக் குறிக்க வேண்டியிருப்பது இச்சொல்லின் இக்கட்டு.

அந்த இக்கட்டு சென்னைச் சட்டக் கல்லூரியின் வாசலில் 2008 நவம்பர் 12 அன்று குருதியாக வெளிப்பட்டது. கல்லூரிக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஒரு பிரிவு மாணவர் அச்சிட்ட விழா அறிவிப்பில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடப்பட்டிருந்தது. அதிலிருந்து மூண்ட பகை, தேர்வு நாளொன்றில் கட்டைகளும் கத்தியும் கொண்ட மோதலாக முடிந்தது. காவலர்கள் வாயிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் கீழே விழுந்து கிடந்த மாணவரை மற்றவர்கள் சூழ்ந்து அடித்ததையும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் கண்டது. நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பின்னர் 2018-இல் கல்லூரி நூற்றாண்டு கடந்த தன் கட்டடத்தை விட்டு, பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்குமாகப் பிரிந்து ஊருக்கு வெளியே சென்றது. மாணவர்கள் அதை எதிர்த்துப் போராடினர்.

இதில் என்னை உறுத்துவது வன்முறை மட்டுமன்று. அக்கல்லூரியிலும் சட்ட உதவி முகாம்கள் நடந்திருக்கும். இரு தரப்பு மாணவர்களும் எளியோரின் வழக்குகளைப் பற்றிக் கற்றிருப்பர். தொண்டு வெளியே செல்லும் பாதையில் இருந்தது. விடுதி அறையிலும் உணவு மேசையிலும் அது திரும்பி வரவில்லை. சேலம் சட்டம் பயின்ற நகரத்தில், அவர் எதிர்த்த அதே இருக்கைச் சிக்கல்.

தொண்டின் சட்ட வரலாறும் இங்கிருந்து பிரிக்க முடியாதது. சென்னையில் சட்டம் படித்த வி. ஆர். கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். 1973-இல் மைய அரசுக்காக அவர் தலைமையேற்ற குழு, ஏழைக்கு நீதிமன்றத்தின் கதவைத் திறப்பது கருணைச் செயலன்று, அரசின் கடமை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அரசமைப்பில் 39அ உறுப்பு 1976-ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதும் அதில் ஒரு கடமை. 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் இந்திய வழக்கறிஞர் மன்றம் ஒவ்வொரு கல்லூரிக்கும் சட்ட உதவி மையத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆண்டுக்கு இரண்டு முகாம், ஒரு பதாகை, ஒரு குழுப் படம், மதிப்பெண் என்று பல இடங்களில் இது சுருங்கிவிட்டதை நாம் அறிவோம். ஆனாலும் உண்மையாகவே உழைக்கும் மையங்கள் இருக்கின்றன. குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, ஓய்வூதிய விண்ணப்பம், முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுவது ஆகியவை பெரிய வழக்குகள் அல்ல. இவற்றைப் பொறுமையாகச் செய்து கொடுக்கும் மாணவர் ஒருவர் அரசமைப்பை யாரையும்விடக் குறைவாகக் கற்றவர் அல்லர்.

சேவையையும் இருக்கையையும் ஒரே செயலாக இணைத்த முயற்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கொல்லம் மாவட்டத்துக் குளத்தூப்புழையைச் சேர்ந்த ஷம்னாத் பஷீர் பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் பயின்றவர்; கொல்கத்தாவின் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தேசியச் சட்டப் பள்ளிகளில் நுழைவோர் பெரும்பாலும் நகரத்து, ஆங்கில வழி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் என்பதைக் கண்டு, 2010-இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் உழைப்பாளிகள் சட்ட மாணவர்களே. ஊரகப் பள்ளிகளுக்கும் பார்வைக் குறைபாடுடையோர் பயிலும் பள்ளிகளுக்கும் சென்று சட்டப் படிப்பு என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்வது, விருப்பமுள்ளோரைத் தேர்ந்து நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி திரட்டுவது, சேர்ந்தபின் துணை நிற்பது. பஷீர் 2019-இல் நாற்பத்து மூன்று வயதில் மறைந்தார். அமைப்பு தொடர்கிறது.

அவ்வேலையில் கடினமான பகுதி நுழைவுத் தேர்வன்று, நுழைந்தபின் வரும் முதல் ஆண்டு என்பதை அப்பாதையில் வந்தோர் பலரும் சொல்வர். வகுப்பறையில் ஆங்கிலம், மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஆங்கிலம், உணவுக் கூடத்தில் நகைச்சுவையும் ஆங்கிலம். பாட நூலின் ஆங்கிலத்தை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். மேசையின் ஆங்கிலம் அவ்வளவு எளிதில் வசப்படாது. யாரும் அதைக் கற்பிப்பதும் இல்லை. ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “அக்கா, அவங்க யாரும் என்னை ஒதுக்கலை. ஆனா நான் பேச ஆரம்பிச்சா மேசையே அமைதி ஆயிடுது. இதை எந்தப் பிரிவுல புகார் கொடுக்கிறது?”

விடை சொல்லத் தெரியாமல், அன்று மாலை அவளோடு அதே உணவுக் கூடத்தில் அமர்ந்து சாப்பிட்டேன். அடுத்த வாரம் அவளுடைய வகுப்பினர் இருவர் எங்கள் மேசைக்குத் தாமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தனர்; அதில் ஒருவன் திருநெல்வேலிக்காரன்; இரண்டாம் ஆண்டு முடியும்வரை தான் தமிழன் என்பதையே வெளிக்காட்டாமல் இருந்தவன்.